அட்மிட் ஆனால்தான் இன்சூரன்ஸா? வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் மருத்துவச் செலவை யார் சுமக்கிறார்கள்

நம் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் என்றால் அட்மிட் ஆவது. காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக்கில் சில நூறு ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் கைக்காசுதான். ஆபரேஷன் என்று வந்து படுத்தால்தான் கார்டை எடுத்து கேஷ்லெஸ் கவுன்ட்டரில் நீட்டுகிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பெரிய சிகிச்சைகளை மனதில் வைத்து வந்ததுதான். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஜி.எச். இருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடுதான் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அட்மிஷன் வாங்கி, எஜுகேஷன் லோன் முடித்து, விசாவுக்கு ஓடும் அவசரத்தில், இன்சூரன்ஸ் என்பது ஃபைலில் சேர்க்க வேண்டிய இன்னொரு பேப்பராகிவிடுகிறது. "எது விலை கம்மியோ அதைப் போடுங்க" என்று ஏஜென்டிடம் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரியில், பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் செலவு யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம். பெரும்பாலான பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

போகும் நாட்டில் உள்ளூர்க்காரர்களுக்கு வைத்தியம் எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். மாணவர் காப்பீடு தனியாக முளைத்த ஒன்றல்ல. அந்தந்த நாட்டின் மருத்துவ ஏற்பாடு எப்படியோ, அதன் குணம்தான் மாணவரின் பாலிசிக்கும் இருக்கும். ஜெர்மனியையும் அமெரிக்காவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

ஜெர்மனி: சேர்ந்தால் எல்லாரும் ஒன்று

2022-23 குளிர்காலப் பருவத்தில், சீன மாணவர்களை முந்தி, ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் டியூஷன் ஃபீஸ் இல்லை என்பதுதான் பெரிய ஈர்ப்பு. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் அங்கே எந்தப் பல்கலைக்கழகத்திலும் பெயரைப் பதிய முடியாது.

உலகிலேயே முதன்முதலாக நாடு தழுவிய கட்டாய மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. 1883-ல், பிஸ்மார்க் காலத்தில், தொழிலாளர்களுக்காக அது வந்தது. சம்பாதிப்பவர் வருமானத்துக்கு ஏற்பக் கட்டுவார், நோயாளி தேவைக்கு ஏற்பப் பெறுவார் என்பதுதான் அதன் அடிப்படை. 1975-ல் மாணவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற பொதுக் காப்பீட்டு நிதியங்கள் இதே சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. நம் பிள்ளைகள் இதை "பப்ளிக் இன்சூரன்ஸ்" என்பார்கள்.

30 வயது வரை மாணவர் கட்டணம். 2025-ல், குழந்தை இல்லாத, 23 வயதைக் கடந்த மாணவருக்கு இது மாதம் 140 யூரோவுக்குச் சற்று மேலே வந்தது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் எடுக்க முடிந்ததே 992 யூரோதான். அதில் ஏழில் ஒரு பங்கு இதற்கே போகிறது என்றால் வலிக்கத்தான் செய்யும். வாடகை, சாப்பாடு, போன் பில் என்று கணக்குப் போடும்போது இந்த ஒரு தொகை கண்ணை உறுத்தும்.

ஆனால் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே சர்க்கரையோ ஆஸ்துமாவோ தைராய்டோ இருந்தாலும் மறுக்க முடியாது, அதற்காகக் கூடுதலாகக் கேட்கவும் முடியாது. டாக்டரிடம் கார்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பில் மாணவர் கைக்கே வராது. மருந்துச் சீட்டோடு போனால் ஒரு மருந்துக்கு 5 முதல் 10 யூரோ. மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான். மீதி எவ்வளவு ஆனாலும் நிதியத்தின் பொறுப்பு. பிஎச்.டி.க்கோ முதுகலைக்கோ போனவர் மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொண்டால், அவருக்குத் தனி வருமானம் இல்லாத வரை, அவரும் குழந்தையும் கூடுதல் பிரீமியம் இல்லாமல் அதே காப்பீட்டில் சேர்ந்துவிடுவார்கள். பிரசவமும் அதற்குள் அடக்கம். நம் ஊர் பாலிசிகளோடு பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

இங்கேதான் பெரிய பள்ளமும் இருக்கிறது. மாதம் 30, 40 யூரோவுக்கு பிரைவேட் பாலிசி விற்கிறார்கள். நூறு யூரோ மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பல்கலைக்கழகத்தில் சேரும்போது பிரைவேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், "எனக்குப் பொதுக் காப்பீடு வேண்டாம்" என்று ஒரு பொது நிதியத்திடமிருந்தே விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கு அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பப் பெற முடியாதது. முதல் செமஸ்டரில் பணத்தை மிச்சம் பிடிக்க வாங்கிய விலக்கு, மூன்றாம் செமஸ்டரில் ஒரு நீண்ட நோய் வந்தாலும் அப்படியே நிற்கும். படிப்பு முடிந்து, வேலையில் ஊழியராகச் சேரும்போதுதான் பொதுக் காப்பீட்டுக் கதவு மறுபடி திறக்கும். மலிவான பாலிசிகளில் முன்பே இருந்த நோய்க்குக் காப்பு இருக்காது; டாக்டருக்கு முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு க்ளெய்ம் போட வேண்டும்; விசா நீட்டிக்கப் போகும்போது வெளிநாட்டினர் அலுவலகம் "இது போதாது" என்று சொல்லவும் கூடும்.

30 வயதுக்கு மேல் போகிறவர்களுக்கும், பட்டப்படிப்புக்கு முன் மொழி வகுப்பில் மட்டும் சேர்கிறவர்களுக்கும் நிலைமை வேறு. அவர்கள் மாணவர் கட்டணத்துக்குள் வரமாட்டார்கள். பெரும்பாலும் பிரைவேட்தான் வழி. அப்படியானால் விலையைப் பார்ப்பதற்கு முன் விலக்குப் பட்டியலைப் படித்தாக வேண்டும். வேலையை விட்டுவிட்டு 31 வயதில் மாஸ்டர்ஸ் போகும் நம் ஐ.டி. பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வயது வரம்பை பெர்லினில் இறங்கிய பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். கன்சல்டன்சிகள் இதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

பிரிட்டன்: வாசலிலேயே வசூல்

பிரிட்டனில் என்.எச்.எஸ். என்ற பொது மருத்துவச் சேவை 1948 முதல் வரிப் பணத்தில் நடக்கிறது. அங்கே பாலிசி என்ற பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக விசா விண்ணப்பத்தோடு சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்ட வேண்டும். 2015-ல் தொடங்கியபோது மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு. 2019-ல் 300 ஆனது, 2020-ல் 470 ஆனது, 2024 பிப்ரவரியிலிருந்து 776. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல். முழு விசா காலத்துக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்பதால், ஓராண்டு எம்.எஸ்சி.க்குப் போகிறவருக்கு, படிப்பு முடிந்தபின் விசாவில் வரும் கூடுதல் நான்கு மாதத்தையும் சேர்த்து 1,164 பவுண்டு வரும்.

கட்டிவிட்டால் உள்ளூர்க்காரரைப் போலவே சிகிச்சை. பல், கண்ணாடி, இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணம் இவை மட்டும் தனி. ஆனால் பணம் கட்டிய பலர் ஜி.பி. எனப்படும் உள்ளூர்க் குடும்ப டாக்டரிடம் பெயர் பதியாமலே மாதக்கணக்கில் இருக்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் போன பிறகு பதியப் போனால் நாட்கள் ஓடிவிடும். முகவரிச் சான்று இல்லை என்று சிலர் தயங்குகிறார்கள். பதிவதற்கு அது கட்டாயம் இல்லை என்பதே என்.எச்.எஸ்.ஸின் விதி. கவுன்ட்டரில் யாராவது மறுத்தால் தைரியமாக எடுத்துச் சொல்லலாம். தவிர, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் காத்திருப்பு நீளம். இது உள்ளூர்க்காரர்களுக்கும் உள்ள அவதிதான்.

ஆஸ்திரேலியா இரண்டுக்கும் நடுவில். ஓ.எஸ்.எச்.சி. என்ற மாணவர் காப்பீட்டை விசா முடியும் நாள் வரைக்கும் வாங்கியே ஆக வேண்டும். அது விசாவின் நிபந்தனைகளில் ஒன்று. முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஊரிலேயே முடிக்கக்கூடிய சிகிச்சையை முடித்துவிட்டுப் போவது அங்கே நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

அமெரிக்கா: எல்லாமே ஒப்பந்தம்

அமெரிக்காவில் எல்லாருக்குமான பொதுக் காப்பீடு இல்லை. வேலை தரும் நிறுவனம், தனியார் இன்சூரன்ஸ், முதியோருக்கும் ஏழைகளுக்கும் தனித்தனி அரசுத் திட்டங்கள் என்று சிதறிக் கிடக்கும் ஏற்பாடு அது. மாணவரின் காப்பீடும் அப்படியே சிதறியிருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு விதி எதுவும் இல்லை. பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு இருக்கிறது: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் காப்பு. எஃப்-1 மாணவர்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் வைப்பதுதான் சட்டம்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர் திட்டத்தில் தாமாகவே சேர்த்து, ஃபீஸ் பில்லில் தொகையை ஏற்றிவிடும். ஆண்டுக்கு 2,000 டாலர், 3,000 டாலர், சில இடங்களில் அதற்கும் மேல். இதற்கு இணையான காப்பு வேறு இருக்கிறது என்று காட்டினால் விலக்கு தருவார்கள். அதுதான் "வெய்வர்". ஆகஸ்ட் மாதத்தில் நம் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் அடிபடும் சொல் இதுவாகத்தான் இருக்கும். சீனியர்கள் லிங்க் அனுப்புவார்கள், பாதி விலையில் ஒரு பாலிசி, வெய்வர் பாஸ் ஆகிவிடும் என்பார்கள். மாதத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகும். லோன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது சின்னப் பணம் அல்ல. அதனால் இப்படிச் செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுத்து அந்தப் பணம் மிஞ்சுகிறது என்பது தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. குடல்வால் அழற்சி, அவசர ஆபரேஷன், மருத்துவமனை போட்ட பில் 40,000 டாலர். பல்கலைக்கழகத் திட்டத்தில் அந்த மருத்துவமனை நெட்வொர்க்குக்குள் இருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனமும் மருத்துவமனையும் முன்பே பேசி வைத்த விலைதான் செல்லும். அது 18,000 என்று வைப்போம். மீதி 22,000 யாரிடமும் கேட்கப்படாது. முதல் 500 டாலர் மாணவர் கட்ட வேண்டும், அது டிடக்டிபிள். மிச்சம் 17,500-ல் 20 சதவீதம் மாணவர் பங்கு என்றால் 3,500. ஆக மொத்தம் 4,000. ஆனால் மாணவர் ஓராண்டில் கட்ட வேண்டிய உச்ச வரம்பு 3,000 என்று பாலிசியில் எழுதியிருந்தால், கணக்கு 3,000-லேயே நின்றுவிடும். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும், நெட்வொர்க்குக்குள் காப்பு உள்ள எந்தச் சிகிச்சைக்கும் அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது மலிவான பாலிசி. "50,000 டாலர் காப்பு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே போனால், சர்ஜனுக்கு இவ்வளவுதான், மயக்க மருந்து டாக்டருக்கு இவ்வளவுதான், அறைக்கு நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான தொகை. மொத்தம் கூட்டினால் 9,000 வருகிறது என்று வைப்போம். முன்பே பேசிய விலை எதுவும் இல்லாததால் மருத்துவமனையின் முழு பில்லும் நிற்கும். 31,000 டாலர் மாணவர் பெயரில். 50,000 என்ற எண் எங்குமே பொய் சொல்லவில்லை; அதைத் தொடும் வழிதான் பாலிசியில் இல்லை.

பாலிசியில் பார்க்க வேண்டியது மேலே எழுதியிருக்கும் உச்சத் தொகையை அல்ல. ஓராண்டில் நம் பாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு வரம்பு எழுதியிருக்கிறதா என்பதைத்தான். 2010-ல் வந்த, ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் சட்டத்துக்கு உட்பட்ட மாணவர் திட்டங்களில் அந்த வரம்பு கட்டாயம். முன்பே இருந்த நோயைக் காட்டி மறுக்கவும் கூடாது, அடிப்படைச் சிகிச்சைகளுக்கு ஆண்டு உச்சவரம்பு வைக்கவும் கூடாது. டிராவல் பாலிசி வகையில் வரும் மலிவுத் திட்டங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவை மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். சென்னையிலிருந்து வாங்கிக்கொண்டு போகும் ஸ்டூடன்ட் டிராவல் பாலிசிகளும் இதே வகை. பாஸ்போர்ட் தொலைந்தால், பெட்டி வராமல் போனால், வழியில் விபத்து நடந்தால் அவை கைகொடுக்கும். இரண்டு ஆண்டு வாழ்க்கைக்கு அதையே நம்பி இருக்க முடியாது.

ஆபத்து வந்தால் காசில்லை என்று மருத்துவமனை துரத்திவிடுமோ என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. துரத்த முடியாது. 1986-ல் வந்த எம்டாலா சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வரும் எவரையும் பரிசோதித்து, நிலைப்படுத்தியாக வேண்டும்; இன்சூரன்ஸ் உண்டா, எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் அதற்குத் தடை இல்லை. பில் பிறகு வரும் என்பது வேறு விஷயம். 2022 ஜனவரியிலிருந்து இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. முறையான காப்பீடு உள்ளவருக்கு, எமர்ஜென்சியில் சேர்ந்த மருத்துவமனை நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தாலும், நெட்வொர்க்குக்குள் கட்டும் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. சாலையில் வரும் ஆம்புலன்ஸ் மட்டும் இந்தச் சட்டத்தில் சேரவில்லை, அந்த பில் தனியாக வந்து நிற்கும்.

சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். "இது பில் அல்ல" என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மருத்துவமனை கேட்டது இவ்வளவு, ஒப்புக்கொண்டது இவ்வளவு, நாங்கள் கொடுத்தது இவ்வளவு, உங்கள் பொறுப்பு இவ்வளவு என்று நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஐந்து இலக்கத் தொகையைப் பார்த்து, ஊருக்குப் போன் போட்டு அழுகிற பிள்ளைகள் உண்டு. கடைசிக் கட்டம்தான் நமக்கானது. மருத்துவமனையின் பில் வந்ததும் அந்தக் கடைசி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கேட்கலாம், விவரமான பில் கேட்கலாம், தவணை கேட்கலாம். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பில் வந்த 240 நாட்கள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவருக்குப் பொருந்துமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அமெரிக்கர்களே கேட்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் அது கடன் வசூல் நிறுவனத்துக்குப் போய், வாடகை வீடு தேடும்போது கிரெடிட் ஹிஸ்டரியில் குறுக்கே நிற்கும்.

உடம்பு சரியில்லை என்றால் முதலில் எங்கே போவது என்பதிலும் காசு இருக்கிறது. கேம்பஸ் ஹெல்த் சென்டரில் சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் சிறு தொகையோ, ஒன்றுமே இல்லாமலோ முடியும். மாலையிலோ வார இறுதியிலோ, அவசரம் அவ்வளவு பெரிதில்லாதபோது போகும் அர்ஜென்ட் கேர் கிளினிக். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம் என்றால் யோசிக்காமல் அவசர எண் 911. தொண்டை வலிக்கு எமர்ஜென்சி அறைக்குப் போவதும் தவறு. காசுக்குப் பயந்து கடுமையான வயிற்று வலியை மூன்று நாள் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பது அதைவிட ஆபத்து.

எந்த ஊரிலும் விட்டுப்போகிறவை

பல் பெரும்பாலான இடங்களில் தனிக் கதை. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, ஞானப்பல் தொல்லை தருமா என்று பார்த்துவிடுவது நல்லது. கண்ணாடி இரண்டு ஜோடி. தினசரி மாத்திரை இருந்தால் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் எழுதிய, டாக்டர் கையெழுத்திட்ட சீட்டு.

மனநலத்தை நாம் பேசவே தயங்குகிறோம். இருட்டும் குளிரும், தனி அறையும், லோன் பாரமும், வேலை கிடைக்காத பயமும் சேர்ந்து நம் பிள்ளைகளை எப்படி அரிக்கின்றன என்பதை வீட்டுக்கு வரும் வீடியோ காலில் பார்க்க முடியாது. ஜெர்மனியின் பொதுக் காப்பீடு மனநலச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது, ஆனால் இடம் கிடைக்க மாதங்கள் ஆகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் மையம் கேம்பஸிலேயே இருக்கும். அங்கே போனது பேராசிரியருக்கோ பெற்றோருக்கோ தானாகப் போகாது, இதற்காக விசா ரத்தாகாது என்பதைப் பிள்ளைகளிடம் நாமே சொல்லி அனுப்ப வேண்டும். போகாமல் இருப்பதற்கு அந்த இரண்டு பயங்களும் பெரிய காரணம்.

அந்த ரகசியக் காப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 18 வயது கடந்தவரின் மருத்துவ விவரத்தை, அவர் சம்மதம் இல்லாமல், பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டார்கள். நள்ளிரவில் திருச்சியிலிருந்து போன் போட்டுக் கெஞ்சினாலும் வார்டில் பதில் கிடைக்காது. ஹெல்த் சென்டரில் பதியும்போதே யாரிடம் பேசலாம் என்ற அனுமதிப் படிவத்தில் வீட்டு எண்ணையும், அதே ஊரில் இருக்கும் ஒரு நண்பரின் எண்ணையும் எழுதி வைத்தால் இந்தத் தவிப்பு குறையும்.

எழுதவே கை வராத ஒன்றையும் எழுதியாக வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவரும் செலவை ஜெர்மன் பொதுக் காப்பீடும் ஏற்காது, என்.எச்.எஸ்.ஸும் ஏற்காது. சமூக வலைத்தளங்களில் நன்கொடை கேட்டுப் படம் போடும் நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்படுவது இதனால்தான். பல அமெரிக்க மாணவர் திட்டங்களில் இது சேர்ந்தே வரும். மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் இதற்கென்று ஒரு சிறு டிராவல் பாலிசியைக் கூடுதலாக எடுக்கலாம், மலிவு பாலிசிக்கு உண்மையான பயன் இங்கேதான். இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியர் நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு அவசரச் சிகிச்சைக்கும், உடலை ஊருக்கு அனுப்பவும் அதிலிருந்து உதவி கேட்கலாம்.

கடைசியாக, பட்டம் வாங்கிய பிறகு வரும் இடைவெளி. மாணவர் என்ற தகுதியோடு மாணவர் கட்டணமும் போய்விடும். அமெரிக்காவில் மே மாதம் பட்டம் பெற்றவரின் பல்கலைக்கழகத் திட்டம் பெரும்பாலும் ஆகஸ்டோடு முடியும், படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதியில் வேலை தேடும் மாதங்களுக்கு வேறு பாலிசி பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வேலை தேடும் காலத்துக்குப் பொதுக் காப்பீட்டில் தொடரலாம், ஆனால் வருமானமே இல்லாவிட்டாலும் குறைந்தபட்சக் கட்டணம் 2025 கணக்குப்படி மாதம் 250 யூரோவை ஒட்டி வரும். பிரிட்டனில் படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்கத் தரும் இரண்டு ஆண்டு கிராஜுவேட் விசாவுக்கு மாணவர் சலுகை கிடையாது. ஆண்டுக்கு 1,035 வீதம் 2,070 பவுண்டு விண்ணப்பத்தோடு கட்ட வேண்டும். லோனுக்குக் கணக்குப் போடும் நாளிலேயே இந்தத் தொகைக்கும் ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள். வங்கியின் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது, நாம்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.